முதல் நாவலுக்கு முகவர் யார்?

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அமைந்த ஸ்ரீரங்கத்திலும், பாலத்தைக் கடந்தால் வந்துவிடும் திருச்சிராப்பள்ளியிலும், உத்தியோகம் போக எஞ்சிய அவகாசத்தில் நாவல் எழுதுகிறவர்கள் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள். இன்று அவர்களுள் இளையவர்கள், நானூறு பக்கத்தை எழுதி முடித்த கையோடு, முன் தலைமுறையினர் கேட்டிராத கேள்வி ஒன்றைக் கேட்கிறார்கள்: "எனக்கு ஓர் இலக்கிய முகவர் வேண்டும், அவரை எங்கே தேடுவது?" ஆங்கில நாவலாசிரியர்களின் பேட்டிகளில் 'என் ஏஜெண்ட்' என்ற பேச்சு அடிக்கடி வருவதைப் படித்துவிட்டு, அப்படி ஒருவர் கிடைத்தாலன்றித் தம் எழுத்துக்கு விமோசனம் இல்லை என்று அவர்கள் எண்ணிவிடுகிறார்கள். அவ்வெண்ணத்தில் உண்மையும் உண்டு, மயக்கமும் உண்டு; இரண்டையும் பிரித்து அறிந்துகொள்வது முதல் நாவல் எழுதியவருக்கு அவசியம்.

இலக்கிய முகவர் என்ற தொழில் லண்டனில் பிறந்தது. ஸ்காட்லாந்துக்காரரான ஏ.பி. வாட் என்பவர் 1870-களின் நடுவில் நண்பர் ஒருவருக்காகப் பிரசுரகர்த்தர்களிடம் பேசத் தொடங்கி, பின்னர் அதையே ஜீவனோபாயமாக்கிக்கொண்டு, கிப்ளிங், கானன் டாயில் போன்றவர்களின் விவகாரங்களை நிர்வகித்து, அவர்களுக்கு வந்த வருமானத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கைத் தமக்கு எடுத்துக்கொண்டார். இன்று அந்தப் பங்கு உள்நாட்டு விற்பனைக்குப் பெரும்பாலும் நூற்றுக்குப் பதினைந்தும், அந்நிய நாடுகளில் உரிமையை விற்றால் இருபதும் ஆகியிருக்கிறது. கைப்பிரதியைப் படித்து, செப்பனிட வேண்டிய இடங்களைச் சொல்லி, இன்ன பிரசுராலயத்தில் இன்ன ஆசிரியருக்கே இது பிடிக்கும் என்று தெரிந்து அவரிடம் சேர்ப்பித்து, ஒப்பந்தத்தின் ஷரத்துக்களை எழுத்தாளருக்கு அனுகூலமாகப் பேசி முடித்து, வரவேண்டிய பணத்தை வசூல் செய்து கொடுப்பதுதான் முகவரின் வேலை. எழுத்தாளருக்குப் பணம் வந்தால்தான் அவருக்கும் வரும். வராதவரை அவர் செய்ததெல்லாம் சம்பளமில்லாத வேலையே.

இந்தத் தொழில் தமிழில் வேரூன்றாததன் காரணத்தை அறியச் சிறிய கணக்கு ஒன்றே போதும். முந்நூறு ரூபாய் விலையுள்ள நாவலுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் ராயல்டி என்று வைத்துக்கொண்டால், பிரதி ஒன்றுக்கு ஆசிரியருக்குச் சேருவது முப்பது ரூபாய். ஐந்நூறு பிரதிகள் விற்றால் 15,000 ரூபாய். அதில் முகவரின் பங்கு 2,250 ரூபாய். நானூறு பக்கத்தை இருமுறை படித்து, கடிதங்கள் எழுதி, வருஷம் முழுவதும் கணக்குக் கேட்டு அலைகிற ஒருவருக்கு இது எத்தனை நாள் சாப்பாட்டுக்கு ஆகும்? தமிழுக்கு முகவர் கிடைக்கவில்லையே என்று மனம் நொந்துகொள்ளும் இளம் எழுத்தாளர், அது தம் எழுத்தின் குறைபாட்டால் நேர்ந்ததல்ல என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் தமிழில் முகவர் இல்லையே ஒழிய, முகவரின் வேலை நடக்காமல் இருந்ததில்லை. அந்த வேலையைப் பத்திரிகாசிரியர்கள் செய்தார்கள். நாவல் போட்டிகள் செய்தன. சில சமயம் வீட்டு மனிதர்களே செய்தார்கள். இதற்கு உதாரணம் தேடத் திருச்சி வட்டாரத்தைத் தாண்டிப் போக வேண்டியதில்லை.

ஸ்ரீரங்கத்தில் பாட்டியின் பராமரிப்பில் வளர்ந்து, செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் படித்த எஸ். ரங்கராஜன் என்ற இளைஞரின் கதை ஒன்று 1953-ஆம் வருஷம், திருச்சியிலிருந்து வெளிவந்த 'சிவாஜி' பத்திரிகையில் பிரசுரமாயிற்று. அதன் ஆசிரியர் திருலோக சீதாராம்; கவிஞர், பாரதியிடம் அளவற்ற பக்தி கொண்டவர், ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்த'னைத் தமிழில் தந்தவர். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றை நடத்துவதில் உள்ள பொருள் முட்டுப்பாட்டுக்கு இடையே, பெயர் தெரியாத மாணவன் அனுப்பிய கதையைப் படித்துப் பார்த்து அச்சில் ஏற்றும் மனம் அவருக்கு இருந்தது. அதன்பின் அந்த இளைஞரின் அடுத்த கதை 'குமுத'த்தில் வெளியாவதற்கு 1962 வரை காலம் பிடித்தது. அங்கே ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் இருந்தபடியால் குழப்பம் நேராதிருக்கத் தம் மனைவியின் பெயரையே புனைபெயராகக் கொண்டு அவர் சுஜாதா ஆனார். அவரது முதல் தொடர்கதையான 'நைலான் கயிறு' வெளிவந்தது 1968-இல். உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த முதல் கதைக்கும் லட்சக்கணக்கானோர் படித்த முதல் நாவலுக்கும் இடையே பதினைந்து வருஷங்கள் ஓடியிருக்கின்றன. எழுதி முடித்த மாதத்திலேயே பதில் வரவில்லை என்று ஏங்குகிறவர்கள் இந்த இடைவெளியை மனத்தில் இருத்திக்கொள்ளலாம்.

தொட்டியத்தைச் சேர்ந்த திரிபுரசுந்தரியின் கதை இதைவிட நேரடியானது. சென்னையில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அவருக்கு, யுத்த காலத்தின் நெருக்கடியில் கல்லூரிச் சம்பளம் கட்டப் பணமில்லை. அவர் நேரே 'ஆனந்த விகடன்' ஆசிரியர் எஸ்.எஸ். வாசனிடம் சென்று, கதை எழுதித் தருகிறேன், அந்தச் சன்மானத்தில் படிப்பை முடித்துக்கொள்கிறேன் என்று கேட்டார், வாசனும் இசைந்தார். மருத்துவ மாணவி லக்ஷ்மி என்ற பெயரில் நாவலாசிரியை ஆனார்; 1984-இல் 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்குச் சாகித்ய அகாதெமி பரிசும் பெற்றார். இடைநிலையாளர் எவருமின்றித் தம் யோக்கியதையையும் தேவையையும் ஒருங்கே எடுத்துச் சொல்லும் துணிவு ஓர் இளம் பெண்ணுக்கு அந்தக் காலத்தில் இருந்தது என்பதை நினைக்கும்போது என் மனம் நெகிழ்கிறது.

போட்டிகள் செய்த உபகாரமும் சிறியதல்ல. பெருங்களூரில் பிறந்து, ரயில்வே தபால் பிரிவில் ஊரார் கடிதங்களைப் பிரித்து அடுக்கும் வேலை பார்த்த அகிலன், 1946-இல் 'கலைமகள்' நாராயணசாமி ஐயர் பரிசு பெற்ற 'பெண்' நாவல் மூலமாகவே வெளி உலகுக்குத் தெரியவந்தார். முசிறியில் பிறந்த ராஜம் கிருஷ்ணன், 'பெண் குரல்' நாவலுக்கு அதே 'கலைமகள்' பரிசை 1953-இல் பெற்றார். இருவருக்கும் பின்னாளில் பெருமைகள் பல வந்து சேர்ந்தன. போட்டியின் தனிச் சிறப்பு யாதெனில், அனுப்பிய பிரதியை எவரேனும் ஒருவர் குறித்த தேதிக்குள் படித்தே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் அதில் இருப்பதுதான். புதிய எழுத்தாளருக்கு உலகத்தில் அரிதாகக் கிடைக்கும் வஸ்து, பிறர் கவனித்துப் படிப்பது.

ஆங்கிலத்தில் எழுதிய தமிழர் ஆர்.கே. நாராயணுக்கு முகவர் கிடைத்த விதத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 'சுவாமியும் சிநேகிதர்களும்' நாவலின் தட்டச்சுப் பிரதி லண்டன் பிரசுராலயங்கள் பலவற்றை வலம்வந்து திரும்பிக்கொண்டே இருந்தது. மனம் கசந்த நாராயண், ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்த நண்பர் பூர்ணாவுக்கு, அதில் கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் எறிந்துவிடும்படி எழுதிவிட்டார். நண்பர் அவ்வாறு செய்யாமல், அதே ஊரில் வசித்த ஆங்கில நாவலாசிரியர் கிரஹாம் கிரீனிடம் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கிரீனின் சிபாரிசினால் ஹாமிஷ் ஹாமில்டன் அதை 1935-இல் வெளியிட்டார். முகவர் டேவிட் ஹைமின் தொடர்பும் அந்த வழியாகவே ஏற்பட்டது. முகவர் கடைசியில்தான் வந்தார். அவருக்கு முன்னால் நண்பர் ஒருவரும் நல்ல வாசகர் ஒருவரும் வரவேண்டியிருந்தது.

திருச்சி ஜில்லாவின் துவரங்குறிச்சியில், பருவமெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, மணமான பின் புகுந்த வீட்டில் எவருக்கும் தெரியாமல் எழுதிவந்த சல்மாவின் கவிதைகளை ரகசியமாக வெளியே கொண்டுசேர்த்தவர் அவருடைய தாயார். அந்தத் தாயாருக்கு இலக்கியத் தரகு எதுவும் தெரியாது. ஆனால் எந்த முகவரும் எடுத்துக்கொள்ளாத அபாயத்தை மகளுக்காக எடுத்துக்கொண்டார். சல்மாவின் முதல் நாவலான 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004-இல் நாகர்கோவில் காலச்சுவடு பதிப்பகத்தின் வெளியீடாக வந்தது. லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராம் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2009-இல் வெளியாயிற்று. பிற மொழிகளுக்கும் அது சென்றது. இன்றைய தமிழ் நாவல் வெளியுலகுக்குப் போகும் மார்க்கம் இதில் தெளிவாகத் தெரிகிறது: முதலில் தமிழ்ப் பதிப்பகம், அடுத்து நல்ல மொழிபெயர்ப்பாளர், அதற்கப்பால்தான் முகவர்.

இந்தியாவில் முகவர்கள் இல்லாமல் இல்லை. பெங்களூரில் 1997-இல் தொடங்கிய ஜாகரண்டா, ஜெய்ப்பூரின் சியாஹி, தில்லியில் கனிஷ்க குப்தா நடத்தும் ரைட்டர்ஸ் ஸைடு ஆகியவை அறியப்பட்ட முகமைகள். 2025-இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்ற பானு முஷ்தாக்கின் கன்னடக் கதைகளது ஆங்கில நூலுக்கு முகவர் இந்தக் குப்தாவே. இவர்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நாவலையோ ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கப்பட்டதையோதான் பிரதானமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆகையால் தமிழில் எழுதியவர் அவர்களை அணுக வேண்டுமானால், நாவலின் ஒரு பகுதியேனும் திறமான ஆங்கிலத்தில் கையில் இருக்க வேண்டும். தமிழக அரசு 2023 ஜனவரியில் சென்னைச் சர்வதேசப் புத்தகக் கண்காட்சியைத் தொடங்கி, தமிழ் நூல்கள் பிற மொழிகளில் வெளிவர மானியம் அளித்துவருவதும், இலக்கிய முகவர்களாக இளைஞர்களைப் பயிற்றுவிக்க முன்வந்ததும் இந்தக் குறையை உணர்ந்து செய்த காரியங்கள்.

முகவருக்கோ பதிப்பகத்துக்கோ அனுப்பும் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேற்படலாகாது. நாவல் எந்த ஊரில், எந்தக் காலத்தில், யாருக்கு என்ன நேர்வதைச் சொல்கிறது என்பதை நாலைந்து வாக்கியங்களில் எழுதி, மொத்த வார்த்தைகளின் எண்ணிக்கையையும், முழுவதும் எழுதி முடித்தாயிற்று என்பதையும் குறிப்பிட்டு, தம்மைப் பற்றி இரண்டு வரி சேர்த்தால் போதும். 'தமிழில் இதுவரை வராத காவியம்' என்ற பாணியை விட்டுவிட வேண்டும். கூடவே கதைச் சுருக்கமும் முதல் மூன்று அத்தியாயங்களும் செல்ல வேண்டும். இந்தச் சுருக்கத்தில்தான் நம்மவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். 'தொடரும்' என்று நிறுத்தும் வாரப்பத்திரிகை வழக்கத்தில் ஊறியவர்களாதலால், முடிவை மறைத்து வைத்துப் படிப்பவரின் ஆவலைத் தூண்டப் பார்க்கிறார்கள். முகவரும் பதிப்பாசிரியரும் அறிய விரும்புவதோ, இந்த எழுத்தாளருக்குக் கதையை முடிக்கத் தெரியுமா என்பதைத்தான். ஆதலின் கொலை செய்தவன் யார், கல்யாணம் நடந்ததா என்பதெல்லாம் சுருக்கத்தில் வெளிப்படையாக இருக்க வேண்டும்.

அனுப்புவதற்கு முன் அந்தப் பதிப்பகத்தின் நாவல்கள் இரண்டையாவது படித்திருப்பது மரியாதை மட்டுமல்ல, விவேகமும் ஆகும். சரித்திரக் கதைகளை மட்டும் வெளியிடுகிறவரிடம் நவீன நாவலைக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் காத்திருப்பதில் யாருக்கு என்ன லாபம்?

இன்னொரு ஜாக்கிரதையும் வேண்டும். படிப்பதற்கு இவ்வளவு கட்டணம், உலகப் பிரசித்தி தேடித்தர இவ்வளவு கட்டணம் என்று முன்கூட்டியே பணம் கேட்கிறவர் முகவர் அல்லர். முகவரின் வருமானம் எழுத்தாளரின் வருமானத்திலிருந்து கிடைப்பது. எழுத்தாளரின் பெட்டியிலிருந்து கிடைப்பதன்று. சொந்தச் செலவில் நூலை அச்சிட்டுக்கொள்வது நம்மிடையே நெடுநாளாக உள்ள வழக்கம்; அதில் வெட்கப்பட ஏதுமில்லை. அச்சுக்கூலி இவ்வளவு, பிரதிகள் இத்தனை, அவை யாவும் உங்களுக்கே என்று பட்டவர்த்தனமாகச் சொல்லி வாங்குகிறவர் நேர்மையான வியாபாரி. அதே பணத்தை வாங்கிக்கொண்டு, தேர்ந்தெடுத்துப் பிரசுரிப்பதாகச் சொல்லி, உரிமையையும் எழுதி வாங்கிக்கொள்கிறவரிடம் அகப்பட்டு, வீட்டு நகையை அடகு வைத்தவர்களை நான் அறிவேன். இதை எழுதும்போதும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

முகவர் இல்லாத எழுத்தாளருக்குச் சட்டமே பாதி முகவராக நிற்கிறது. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, எழுத்து மூலமாகக் கையொப்பமிட்டாலன்றி உரிமை கைமாறாது. காலவரையறை குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து வருஷம் என்றே கொள்ளப்படும். பிரதேசம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்கு மட்டுமே செல்லும். வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிராதவரை, அது காலாவதியாகிவிடும். ஆசிரியரின் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் அறுபது வருஷமும் நிலைத்திருக்கும் சொத்து இது. இரு பக்கத் தாளில் அவசரமாகக் கையெழுத்திட்டு இதை விட்டுக்கொடுப்பவர், தம் பேரக்குழந்தைகளின் பங்கையும் சேர்த்தே விட்டுக்கொடுக்கிறார்.

ஆகவே ஒப்பந்தத்தில் அச்சுப் புத்தகம், மின்னூல், ஒலிப்புத்தகம், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனி உரிமையாகப் பிரித்து எழுதச் சொல்ல வேண்டும். சுஜாதாவின் 'காயத்ரி' 1977-இலும் 'ப்ரியா' 1978-இலும் திரைக்கு வந்தன. தொடர்கதையாகப் பத்திரிகையில் வந்ததற்கு அப்பாலும் ஒரு நாவலுக்கு வாழ்வு உண்டு என்பதற்கு இவை சாட்சி. பதிப்பகத்துக்கு அச்சுரிமையை மட்டும், குறித்த வருஷங்களுக்கு, குறித்த வீதத்தில் தந்தால் போதும். வருஷம் ஒருமுறை எத்தனை பிரதிகள் அச்சாயின, எத்தனை விற்றன, நூலகங்களுக்கு எத்தனை போயின என்ற கணக்கைத் தரவேண்டும் என்று ஒரு ஷரத்தும், இருவரும் கையொப்பமிட்ட பிரதி ஒன்று எழுத்தாளரிடம் இருக்க வேண்டும் என்று மற்றொரு ஷரத்தும் சேர்த்துவிட்டு, அதன்பிறகே கைப்பிரதியை அச்சுக்குக் கொடுக்கலாம்.