துருப்பிடித்த பழைய காரை வாங்கிப் புதுப்பிக்க விருப்பமா? எஞ்சினுக்கு முன் தகட்டைப் பாருங்கள்

மேற்கு வங்க மாநிலம் உத்தர்பாராவில் தயாரான அம்பாசிடர் காரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. மும்பையின் பிரீமியர் பத்மினியும் சென்னையின் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அதற்கு முன்பே விடைபெற்றுவிட்டன. எனினும், வீட்டுக் கொட்டகைகளிலும் மரத்தடிகளிலும் துருவேறி நிற்கும் இக்கார்களை வாங்கிப் புதுப்பிக்க விரும்புவோர் நாடெங்கும் உள்ளனர். அவர்களில் பலர் விற்பவரிடம் கேட்கும் முதல் கேள்வி, எஞ்சின் ஓடுகிறதா என்பதே. சேமிப்பைக் கரைக்கும் தவறு பெரும்பாலும் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

அம்பாசிடரின் 1,489 சிசி எஞ்சினும், பத்மினியின் 1,089 சிசி எஞ்சினும் எளிய அமைப்பு கொண்டவை. அனுபவமுள்ள மெக்கானிக்கால் அவற்றைப் பிரித்துச் சீரமைக்க முடியும். துருத் தின்ற உடற்கூடு அப்படியல்ல. இவ்விரு கார்களிலும் தனிச் சட்டகம் கிடையாது. தரைத் தகடும் பக்கவாட்டுத் தகடுகளும் சேர்ந்தே வண்டியின் எடையைத் தாங்குகின்றன. ஆகவே அங்கு ஏற்படும் துரு அழகுக் குறைபாடு அல்ல, முதுகெலும்பு முறிவுக்கு ஒப்பானது. ஹெரால்டு தனிச் சட்டகத்தின்மீது உடற்கூடு போல்ட் மூலம் பொருத்தப்பட்ட கார். அதில் வெளித் தகடுகளைக் கழற்றி மாற்றுவது எளிது. ஆனால் சட்டகமே அரித்திருந்தால் அந்த அனுகூலம் போய்விடும்.

பெயின்ட்டின் அடியில் கொப்புளம் தெரிந்தால், துரு உள்ளிருந்து வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். வெளியே காசளவு தெரியும் இடத்தில் உள்ளே கையளவு அரித்திருப்பது வழக்கம். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைத் தகட்டின்மீது நகர்த்திப் பார்க்கலாம். அது ஒட்டாமல் நழுவும் இடத்தில் தகடு இல்லை, பட்டி பூசி மறைக்கப்பட்டிருக்கிறது. புதிதாகப் பெயின்ட் அடித்த காரைவிட, துரு வெளிப்படையாகத் தெரியும் காரே வாங்குபவருக்குப் பாதுகாப்பானது என்று சொன்னால் மிகையாகாது.

கதவுகளுக்குக் கீழே நீளும் பெட்டி வடிவத் தகடு, ஜாக்கி வைக்கும் இடம், சக்கர வளைவுகள், முன்கண்ணாடி ரப்பரின் கீழ்விளிம்பு, டிக்கியின் அடித்தளம் ஆகியவற்றில் நீர் தேங்கும். கால்மிதியை விலக்கி, திருப்புளி முனையால் தரைத் தகட்டை அழுத்திப் பார்க்க வேண்டும். அடிப்பகுதியில் புதிதாகத் தார் பூசியிருந்தால் சந்தேகம் கொள்வதே முறை. கதவைத் திறந்ததும் அது கீழே தொங்கினால் கீல் தேய்ந்திருக்கலாம். கீல் நன்றாக இருந்தும் கதவின் இடைவெளி மேலும் கீழும் மாறுபட்டால், கூடே தொய்ந்திருக்க வாய்ப்புண்டு. கடலோர நகரங்களில் நின்ற வண்டியை, ராஜஸ்தான் போன்ற வறண்ட பகுதியிலிருந்து வரும் வண்டியைவிடக் கூடுதல் கவனத்துடன் ஆராய வேண்டும்.

ஓடாத எஞ்சினைப் பொறுத்தவரை, அதன் தண்டை ஸ்பேனரால் கையாலேயே சுழற்ற முடிகிறதா என்று பார்த்தால் போதும். அசைந்தால் நம்பிக்கைக்கு இடமுண்டு. அசையாவிட்டால் முழுச் சீரமைப்புச் செலவைக் கணக்கில் எழுதிவிட வேண்டும். குரோம் பட்டைகள், விளக்கு வளையங்கள், மீட்டர்கள், கண்ணாடிகள் காணாமல் போயிருந்தால் அவற்றைக் கண்டுபிடிப்பது எஞ்சின் பாகங்களைவிடக் கடினம். டெல்லி காஷ்மீரி கேட், கொல்கத்தா மல்லிக் பஜார், சென்னை புதுப்பேட்டை என்று அலைய நேரிடும்.

விலையைப் பின்னிருந்து கணக்கிடுவதே சரியான வழி. ஒரு கற்பனைக் கணக்கு: நன்கு புதுப்பிக்கப்பட்ட அதே மாடல் 5 லட்சம் ரூபாய்க்கு விலைபோகிறது என்று கொள்வோம். டிங்கரிங், பெயின்ட், எஞ்சின், இருக்கை, டயர், வண்டியை ஏற்றிவரும் வாடகை எல்லாம் சேர்த்து 3.5 லட்சம். பிரித்த பிறகே தெரியவரும் சேதங்களுக்கு அதில் கால் பங்கு, அதாவது 87,500 ரூபாய். மீதமுள்ள 62,500 ரூபாய்தான் விற்பவருக்குத் தரக்கூடிய உச்ச விலை. தாத்தா ஓட்டிய வண்டி என்பதற்காக அதற்கு மேல் கொடுப்பவர் உண்டு. அது வணிகம் அல்ல என்று தெரிந்து கொடுத்தால் தவறில்லை.

ஆவணம் இல்லாத காருக்கு இந்தக் கணக்கும் பொருந்தாது. பதிவுச் சான்றிதழில் உள்ள சேசிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் வண்டியில் உள்ளவற்றோடு ஒப்பிட வேண்டும். எண் பொறித்த இடமே துருவில் கரைந்திருந்தால் போக்குவரத்து அலுவலகத்தில் சிக்கல் நிச்சயம். வேறு மாநில வண்டிக்குத் தடையில்லாச் சான்றிதழ் தேவை. உரிமையாளர் காலமாகியிருந்தால் முதலில் வாரிசு பெயருக்கு மாற்றியாக வேண்டும்.

மத்திய அரசு 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் விண்டேஜ் வாகனங்களாகப் பதிவு பெறலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாயும், மறுபதிவுக்கு 5,000 ரூபாயும் கட்டணம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கே அவ்வண்டியைச் சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயணத்துக்கு அனுமதியில்லை. சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்பட்டிருக்கவும் கூடாது. எனவே பழைய எஞ்சினை எடுத்துவிட்டு நவீன எஞ்சினைப் பொருத்திய காரை விண்டேஜ் என்ற பெயரில் கூடுதல் விலைக்கு விற்க வருபவரிடம், அதன் பதிவுச் சான்றிதழை முதலில் கேட்டுப் பார்ப்பது நல்லது.