மை எழுதும் கண்ணுக்குக் காவல் யார்?

மீன்விழி என்பர், மான்விழி என்பர், வேல்விழி, மைவிழி, மலர்விழி என்று அடுக்கிக்கொண்டே போவர். பெண்ணின் கண்ணைப் பாடாத புலவன் இந்த நாட்டில் உண்டா? ஆனால், அந்தக் கண் எரிகிறதா, நீர் வடிகிறதா, ஊசியில் நூல் கோக்க முடிகிறதா என்று கேட்டவர் எத்தனை பேர்? பாடப்பட்ட கண் அது. பரிசோதிக்கப்பட்ட கண் அல்ல!

தாய்மார்களே, மை தீட்டாதீர் என்று சொல்ல வரவில்லை. எழில் விரும்புவது குற்றமா? இல்லை. எழிலுக்கென்று விற்கும் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பதை, வாங்குகிறவளிடம் மறைப்பதுதான் குற்றம்.

கடல் கடந்த கதை ஒன்று கூறுகிறேன். 1933-ஆம் ஆண்டு. அமெரிக்காவிலே ‘லாஷ் லூர்’ என்றொரு சாயம். புருவத்தையும் இமைமயிரையும் கருகருவென்று ஆக்கும் என்று விளம்பரம். டேட்டன் நகரத்துப் பெண்மணி ஒருவர், விருந்துக்குப் புறப்படுமுன் அழகு நிலையம் சென்று அதைத் தீட்டிக்கொண்டார். எரிச்சல் கண்டது, இமை வீங்கிற்று, கண் புண்ணாயிற்று, பார்வையே போயிற்று. அதே சாயத்தால் இன்னொரு பெண் உயிரையே இழந்தார்.

அரசாங்கம் என்ன செய்தது? செய்ய நினைத்தது, செய்ய இயலவில்லை! 1906-இல் இயற்றிய சட்டம் உணவுக்கும் மருந்துக்கும்தான் காவல். ஒப்பனைப் பொருள் அதன் எல்லைக்கு வெளியே. ஆகவே அதிகாரிகள், அந்தப் பெண்ணின் படங்களை, சாயத்துக்கு முன் ஒன்று, சாயத்துக்குப் பின் ஒன்று என்று, காட்சியில் மாட்டிவைத்து மக்களிடம் முறையிட்டனர். ‘கொடுமைகளின் கூடம்’ என்று அதற்குப் பெயர் வந்தது. வணிகர் முணுமுணுத்தனர், மசோதா உறங்கிற்று. 1937-இல் நச்சு மருந்தொன்று நூற்றுக்கு மேற்பட்டவரைக் கொன்ற பிறகே விழித்தனர். 1938-இல் புதுச் சட்டம். அதன்கீழ் முதன்முதல் பறிமுதலான ஒப்பனைப் பொருள் எது தெரியுமா? லாஷ் லூர்! கண்ணைக் குடித்த சாயம், ஐந்தாண்டுக் காலம் சட்டத்துக்கு அகப்படாமலே விலை போயிற்று.

போகட்டும், பழங்கதை என்பீர்கள். பழங்கதையா? அந்தச் சாயத்திலிருந்த நச்சின் பெயர் பாரா பினைலீன் டையமின். நம் தெருமுனைப் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் தலைச்சாயப் பொட்டலங்கள் பலவற்றில் இன்றும் இருப்பது அதுவே. தலைக்கு அனுமதி உண்டு, கண்ணருகே கூடாது. அது கலந்த சாயத்தோடு, “புருவத்துக்கும் இமைமயிருக்கும் பூசலாகாது, பூசினால் பார்வை போகக்கூடும்” என்ற எச்சரிக்கை இருந்தாக வேண்டும் என்று இந்தியச் சட்டவிதி சொல்கிறது. ஆங்கிலத்தில் மட்டுமல்ல, வட்டார மொழியிலும்! எடுத்துப் பாருங்கள். தமிழ் இருக்கிறதா? இருந்தால், எறும்பு ஊர்ந்த தடம்போல் இருக்கும் எழுத்தை வெள்ளெழுத்துக் கண் படிக்குமா? தலைக்குக் கலக்கியதில் கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சம். புருவத்தில் இரண்டு நரை. வீணாவானேன் என்று விரல்நுனியில் தொட்டு இழுக்கிறாள். சிக்கனம்தான்! அந்தச் சிக்கனம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சொல்லவேண்டிய வரி, அவளால் படிக்க முடியாத வரி.

இனி, கண்மை. சுருமா என்று விற்பதில் பல, காரீயக் கனிமத்தைப் பொடித்தவை. காரீயம் உடலில் சேர்ந்தால் எளிதில் வெளியேறாது. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். எகிப்து நாட்டிலே ஆயிரமாயிரம் ஆண்டாகத் தீட்டினார்களே என்று வாதிடுவோர் உண்டு. ஆண்டுக்கணக்கு பழமைக்குச் சான்று, பாதுகாப்புக்குச் சான்றாகுமா? நிறத்துக்காகக் காரீயம் கலக்கக்கூடாது என்று நம் நாட்டில் தடை இருக்கிறது. தடை, முகவரியுள்ள கம்பெனியைக் கட்டும். திருவிழாக் கடையில் முகவரியில்லாமல் விற்கும் டப்பாவை யார் கட்டுவது?

வீட்டிலே விளக்கெண்ணெய் விளக்கேற்றிப் பிடித்த மையில் காரீயம் கிடையாதுதான். ஆனால் விரல் இருக்கிறதே! பாட்டியின் விரல் பச்சைக் குழந்தையின் கண்ணுக்குள் மை இழுக்கிறது, கண் பெரிதாகுமென்று. கண் பெரிதாகாது, நோய்தான் ஏறும். கண்ணேறு கழிய வேண்டுமென்பவரோடு வழக்காட இன்று நேரமில்லை; பாதத்திலே ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போகட்டும்.

இமையின் உள்விளிம்பை ஒட்டி வரிசையாக நுண்துளைகள் உண்டு. மைபோம் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1666-இல் விவரித்த சுரப்பிகளின் வாய்கள் அவை. கண்ணீர் காய்ந்துபோகாமல் காக்கும் நெய் அங்கிருந்துதான் கசிகிறது. உள்விளிம்பில் மை இழுத்தால் அந்த வாய் அடைபடும். உறுத்தலும் வறட்சியும் வரும். இமைமயிருக்கு வெளிப்புறம் தீட்டினால் அழகு குறைந்தா போகும்? மஸ்காரா குப்பியை மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். காய்ந்ததென்று எச்சில் தொடவே வேண்டாம். கண் சிவந்து பீளை தள்ளியபோது தீட்டிய மையைக் குப்பையில் போடுங்கள். மணப்பெண் அலங்காரத்தில் ஒரே தூரிகை பத்துக் கண்ணுக்குப் போகிறது; கூச்சப்படாமல், “என் குச்சி இதோ” என்று நீட்டுங்கள். கண்ணுக்குள் வில்லை அணிகிறவர் வில்லை போட்ட பிறகு மை தீட்டவும். மை கலைக்குமுன் வில்லையை எடுத்துவிடவும்.

உலகில் பார்வைக் குறைவுள்ளோரில் 100-க்கு 55 பேர் பெண்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெண்ணின் ஆயுள் நீளம் என்பது ஒரு காரணம். அவள் கண்ணுக்குக் கடைசியில்தான் காசு ஒதுக்குகிறோம் என்பது மற்றொன்று. என் தாயார் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தியபோது, நாங்கள் சலிப்பு என்றோம், வயது என்றோம். இரண்டாண்டு கழித்துத்தான் தெரிந்தது, கண்ணில் புரை. அவராக வாய் திறந்து ஒருநாளும் கேட்கவில்லை. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது. மதுரை அரவிந்த் 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கி, காசில்லாதவருக்கும் கதவு திறந்து வைத்தது. வழி தெரியாத ஊரல்ல இது. தம்பி, இந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, உன் அம்மாவிடம் ஓர் ஊசியும் நூலும் கொடுத்துப் பார்.