சிறு துளையும் நீண்ட ஆயுளும்



உண்ட உணவைத் தொண்டையிலிருந்து இரைப்பைக்குக் கொண்டு செல்லும் குழாயே களம். அதிலே புற்றுநோய் தோன்றின், நோயுற்ற பகுதியையும் அடுத்துள்ள நிணநீர்க் கணுக்களையும் அகற்றி, இரைப்பையைக் குழாய் வடிவாக்கி மேலே உயர்த்திப் பொருத்துவர். 1913ஆம் ஆண்டு நியூயோர்க்கில் பிரான்ஸ் டோரெக் என்னும் வைத்தியர் மார்பைத் திறந்து களத்தை அகற்றினார். அச்சிகிச்சை பெற்ற பெண்மணி பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். எனினும் அக்காலத்தில் அத்தகைய பேறு மிக அரிது.

1990களில் வேறொரு முறை பரவலாயிற்று. உடலைப் பெரிதாக வெட்டாது, சில சிறு துளைகளின் வழியே ஒளியுடன் கூடிய நுண்கமராவையும் மெல்லிய கருவிகளையும் செலுத்திச் சத்திரசிகிச்சை செய்வதே அம்முறை. காயம் சிறிது, நோவும் குறைவு. ஆனால் துளை வழியே செய்யும் சிகிச்சையில் நோய் எஞ்சிவிடாதா? ஆயுள் குறையாதா? இவ்வையம் நியாயமானதே.

இதற்கு ஐரோப்பிய ஆய்வுகள் விடை தருகின்றன. ஒல்லாந்து, ஸ்பெயின், இத்தாலி ஆகிய நாடுகளில் 115 நோயாளர் இரு பிரிவினராக ஆராயப்பட்டனர். முதல் இரு வாரங்களில் சுவாசப்பைத் தொற்றுக்கு ஆளானோர், திறந்த முறையில் நூற்றுக்கு 29 பேர். துளை முறையில் 9 பேர் மட்டுமே. மூன்றாண்டின் பின் உயிருடன் இருந்தோர் முறையே நூற்றுக்கு 40 பேரும் 50 பேரும் ஆவர். பிரான்சில் 207 நோயாளரிடையே, வயிற்றில் மட்டும் துளை முறை கையாளப்பட்டது. ஐந்தாண்டின் பின் அப்பிரிவில் நூற்றுக்கு 59 பேரும், திறந்த முறைப் பிரிவில் 47 பேரும் வாழ்ந்திருந்தனர்.

தொற்று குறைந்தமைக்குக் காரணம் என்ன? பெருங்காயம் உள்ளவர் நோவினால் ஆழ்ந்து மூச்செடுக்கவும் இருமவும் அஞ்சுவர். அதனால் சளி தேங்கித் தொற்றுக்கு இடமாகும். சிறு காயம் இத்துன்பத்தைத் தணிக்கிறது.

எனினும் ஆயுளிற் கண்ட வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம். ஆதலால் துளை முறை ஆயுளை நீட்டும் என்று துணிந்து கூறுவதற்கில்லை. அதனால் ஆயுள் குறைந்ததாகத் தெரியவில்லை என்பதே தகும். ஆயுளைப் பெரிதும் நிர்ணயிப்பது காயத்தின் அளவன்று. நோய் எவ்வளவு பரவுமுன் கண்டறியப்பட்டது என்பதே.

ஆகவே, சோறு விழுங்குகையில் நெஞ்சில் அடைப்பது போன்ற உணர்வு நீடித்தாலும், காரணமின்றி உடல் மெலிந்தாலும், தாமதியாது வைத்தியரை நாடுங்கள். வெற்றிலையுடன் புகையிலை மெல்லுவோரும், புகைபிடிப்போரும், மது அருந்துவோரும் இதிற் சிறப்பாகக் கவனஞ் செலுத்துதல் வேண்டும். அப்பழக்கங்களை விட்டொழித்தல் அதனினும் நன்று.