கட்டுமாவடியின் கடற்படை அதிகாரி: முற்றுப்பெறாத ஒரு நாவலும் 1946உம்



நாம் இன்று யாரை நினைவுகூரக் கூடியிருக்கிறோமோ, அவர் தன் எழுத்தை அச்சில் பார்த்தது மிகக் குறைவு. கட்டுமாவடியிலிருந்து பேருந்து மாறி மாறி நம் கூட்டங்களுக்கு வருவார். பின்வரிசையில் உட்காருவார். முடிவில் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். அவர் விட்டுச்சென்றது நாற்பது பக்க நோட்டு ஒன்று. ஒரு நாவலின் முதல் மூன்று அத்தியாயங்கள். குடும்பத்தார் விருப்பப்படி பெயரை இங்கே அச்சிடவில்லை.

கதை இதுதான். கட்டுமாவடி அருகே சேரியில் பிறந்த பையன் ராயல் இந்தியக் கடற்படையில் அதிகாரியாகிறான். 1946 கலகத்தில் சேர்கிறான். வேலை பறிபோகிறது. ஊர் திரும்பியவன் செங்கொடி பிடித்து, பின்னாளில் கட்சியின் தலைவராகிறான். நோட்டைப் படித்த நம்மில் சிலர், "இப்படி ஒருவர் இருந்திருக்க முடியுமா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியைத்தான் இந்த உரை எடுத்துக்கொள்கிறது.

முதலில் ஊரைச் சொல்லிவிடுவோம். இன்று கட்டுமாவடி புதுக்கோட்டை மாவட்டம். ஆனால் அந்த மாவட்டம் பிறந்ததே 1974இல்தான். பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடல் கிடையாது. இந்தக் கரை அப்போது பிரிட்டிஷ் ஆட்சியின் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே கதாநாயகன் பிறக்கும் மண் பண்ணையாள் முறையின் மண். சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த நிலம். வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் சேதுபாவாசத்திரம், மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம், தம்பிக்கோட்டை, முத்துப்பேட்டை என்று ஊர்கள் வரிசையாக வரும். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

இனி கடற்படைக்கு வருவோம். போர் தொடங்கிய 1939இல் அந்தப் படையில் மாலுமிகள் இரண்டாயிரம்கூட இல்லை. போர் முடியும்போது இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. படித்த இளைஞர்களை விளம்பரம் போட்டுச் சேர்த்தார்கள். ஆனால் அதிகாரி வேறு, 'ரேட்டிங்' எனப்பட்ட மாலுமி வேறு. அதிகாரியாக வழி இருந்தது பம்பாயில் 1927இல் தொடங்கிய 'டஃபரின்' பயிற்சிக் கப்பல் போன்ற இடங்கள் மூலம். அங்கே கட்டணம் கட்டிப் படிக்க வேண்டும். முதல் இந்திய அதிகாரியான டி. என். முகர்ஜி 1928இல்தான் நியமனம் பெற்றார். சேரிப் பையன் அந்தக் கதவைத் தட்டியிருக்கவே வாய்ப்பில்லை.

அவனுக்கென்று வேறொரு கதவு இருந்தது. கப்பலில் கழிப்பறையும் தளமும் கழுவுகிறவருக்கு 'டோபாஸ்' என்று பெயர். வணிகக் கப்பலிலும் உண்டு, போர்க்கப்பலிலும் உண்டு. சுதந்திரம் வந்த பிறகும் பல பத்தாண்டுகள் இந்தியக் கடற்படையில் இந்தப் பிரிவுக்குத் தனியாக ஆள் எடுத்தார்கள். ஊரில் எந்த வேலையோ அதே வேலை, கடல் நடுவிலும். நம் நாவலாசிரியர் இதை அறியாதவரா? இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு டோபாஸ் வருகிறார். ஒரே ஒரு வரி. அதிகாரியான கதாநாயகன் அவரைப் பார்த்தும் பார்க்காததுபோல் கடந்துபோகிறான். அந்த ஒரு வரிக்காகவே இந்த நோட்டைப் பாதுகாக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றியது.

கலகம் எப்படித் தொடங்கியது? பம்பாய் கொலாபாவில் 'தல்வார்' என்பது கப்பல் அல்ல. கரையில் இருந்த சமிக்ஞைப் பயிற்சிப் பள்ளி. தந்திப் பிரிவைச் சேர்ந்த பி. சி. தத் சுவர்களில் ஆட்சிக்கு எதிரான முழக்கங்களை எழுதி 1946 பிப்ரவரி தொடக்கத்தில் பிடிபட்டார். தலைமை அதிகாரி ஆர்தர் கிங் மாலுமிகளைக் கேவலமாகத் திட்டினார். 'கூலிகளின் பிள்ளைகள்' என்பது அந்த வசவுகளில் ஒன்று. பிப்ரவரி 18 காலையில், சோறு சரியில்லை, வேலை செய்யமாட்டோம் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உட்கார்ந்துவிட்டார்கள்.

இந்த வசவில் நாம் சற்று நிற்க வேண்டும். 'கூலி' நம் மொழிச் சொல். ஆங்கிலத்துக்குப் போய், உலகம் முழுக்கச் சுற்றி, வசவாகத் திரும்பி வந்திருக்கிறது. அந்த மாலுமிகளில் பெரும்பாலோர் பள்ளிப் படிப்பு முடித்த நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள். தங்களைக் கூலியின் பிள்ளை என்று சொன்னதே அவர்களைக் கொதிக்க வைத்தது. அந்தக் கோபம் நியாயமானது. வெள்ளை அதிகாரியின் திமிர் அது. ஆனால் நம் கதாநாயகன் அன்று அந்த வரிசையில் நின்றிருந்தால் என்ன நினைத்திருப்பான்? அவன் உண்மையிலேயே கூலியின் பிள்ளை. அவன் அம்மா நடவுக்குப் போனவள். வசவாக வந்த சொல் அவனுக்கு வீட்டு விலாசம். பக்கத்தில் நிற்பவன் "எங்களையா கூலி என்றாய்?" என்று கத்தும்போது, இவனும் சேர்ந்து கத்துவானா, ஒரு கணம் தயங்குவானா? கலகத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. நாவலில் இருந்திருக்கலாம். நோட்டு அதற்கு முன்பே நின்றுவிடுகிறது.

வரலாறு வேகமாக நகர்ந்தது. எம். எஸ். கான் தலைவராகவும் மதன் சிங் துணைத் தலைவராகவும் மத்திய வேலைநிறுத்தக் குழு அமைந்தது. 78 கப்பல்கள், 20 கரை நிலையங்கள், ஏறத்தாழ 20,000 மாலுமிகள். கொடிமரங்களில் காங்கிரஸ், முஸ்லிம் லீக், செங்கொடி மூன்றும் சேர்ந்து பறந்தன. நல்ல சோறும் சமச் சம்பளமும் கேட்டவர்கள், இந்திய தேசிய ராணுவக் கைதிகளை விடுதலை செய் என்றும், இந்தோனேசியாவிலிருந்து இந்தியப் படைகளைத் திரும்பப் பெறு என்றும் கேட்டார்கள். சென்னையில் 'அடையாறு' கரை நிலையத்து மாலுமிகளும் சேர்ந்தார்கள். பிப்ரவரி 22 அன்று கம்யூனிஸ்ட் கட்சி அழைத்த வேலைநிறுத்தத்தில் பம்பாய் ஆலைத் தொழிலாளர் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் இருநூறுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பரேலில் கட்சித் தோழர் கமல் டோண்டே அதில் ஒருவர். வல்லபாய் படேலும் ஜின்னாவும் சரணடையச் சொன்னார்கள். 23 காலையில் மாலுமிகள் சரணடைந்தார்கள். 25 அன்று சென்னை வேலைநிறுத்தம் செய்தது. அதற்குள் கப்பல்களில் எல்லாம் முடிந்திருந்தது.

நீக்கப்பட்டவர்களைச் சுதந்திர இந்தியாவின் கடற்படை திரும்பச் சேர்க்கவில்லை. தத் பத்திரிகையாளரானார். அவர்களில் ஒருவரும் நம் நோட்டில் வருவதுபோல் பெரிய கட்சித் தலைவராக உயர்ந்ததாக நாம் அறியோம். கடற்படை அதிகாரி கம்யூனிஸ்ட் தலைவரான கதை பிரான்ஸில் உண்டு. 1919இல் கருங்கடலில் புரட்சி ரஷ்யாவுக்கு எதிராக அனுப்பப்பட்ட பிரெஞ்சுக் கப்பல்களில் கலகம் மூண்டபோது, எந்திர அதிகாரி ஆந்த்ரே மார்ட்டி இருபது ஆண்டுத் தண்டனை பெற்றார். 1923இல் விடுதலையானார், நாடாளுமன்றம் போனார், கட்சியின் முன்னணிக்கு வந்தார். அதே கட்சி ஐம்பதுகளின் தொடக்கத்தில் அவரை வெளியேற்றியது.

ஆனால் அவ்வளவு தூரம் போவானேன்? மேலே சொன்ன கடற்கரைச் சாலைக்குத் திரும்புவோம். தம்பிக்கோட்டையிலிருந்து மலாயா போனவர் எஸ். ஏ. கணபதி. இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தார். பிறகு அகில மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவரானார். 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். பட்டுக்கோட்டை வட்டம் வாட்டாக்குடியின் வெங்கடாசலம் சிங்கப்பூர் போய், அதே ராணுவத்தில் இருந்து, இரணியன் என்று பெயர் மாற்றி, ஊர் திரும்பிப் பண்ணையாட்களைத் திரட்டினார். 1950 மே மாதம் போலீஸ் சுட்டுக் கொன்றது. முத்துப்பேட்டை அருகே ஜாம்பவானோடை சிவராமனும் அதே காலத்தில் சுடப்பட்டவர். கட்டுமாவடிப் பையனுக்கான முன்மாதிரிகள் பேருந்து தூரத்திலேயே இருந்தன. கடற்படை அல்ல, தரைப்படை; ஆட்சியின் படை அல்ல, அதற்கு எதிரான படை. தலைவராகி முதுமை காணவும் இல்லை.

பட்டாளம் நமக்கு அந்நியமானது அல்ல. அம்பேத்கர் பிறந்தது மாவ் ராணுவக் குடியிருப்பில், தந்தை சுபேதார். வெள்ளையர் படை நம்மவருக்கு எழுத்தையும் ஓய்வூதியத்தையும் கொடுத்தது. 1890களில் மகர்களைச் சேர்ப்பதை நிறுத்தி, தேவைப்பட்டபோது 1941இல் மகர் ரெஜிமெண்ட் அமைத்தது. இமானுவேல் சேகரன் ராணுவத்திலிருந்து திரும்பியவர்தான். நிமிர்ந்து நடந்த அந்த நடையையே முதுகுளத்தூர்ப் பகுதியின் ஆதிக்கச் சாதியினரால் தாங்க முடியவில்லை. 1957 செப்டம்பர் 11இல் பரமக்குடியில் வெட்டப்பட்டார்.

சரி, கடற்படை அவனை அதிகாரியாக்கியிருக்காது. கட்சி அவனைத் தலைவராக்கியிருக்குமா? இதைக் கேட்காமல் போனால் நாம் நேர்மையாக இருக்கமாட்டோம். கீழத்தஞ்சையில் செங்கொடியின் கீழ் நின்றவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். 1968 டிசம்பர் 25 வெண்மணியில் எரிந்த 44 பேரும் அந்தக் கொடிக்காகவும் அரைப்படி நெல்லுக்காகவும் எரிந்தவர்கள். சவுக்கடியை நிறுத்தியது அந்தச் சங்கம் என்பதை நம் தாத்தா பாட்டிகள் சொல்லாமல் இருந்ததில்லை. ஆனால் 1925இல் தொடங்கிய இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு டி. ராஜா பொதுச்செயலாளரானது 2019இல். 1964இல் பிரிந்த மார்க்சிஸ்ட் கட்சியின் அரசியல் தலைமைக் குழுவுக்கு முதல் தலித்தாக ராமச்சந்திர டோம் வந்தது 2022இல். நம் நாவலாசிரியர் தம் கதாநாயகனை ஐம்பதுகளிலேயே அங்கே உட்கார வைத்துவிட்டார்.

வங்காளத்தில் உத்பல் தத் 1965இல் 'கல்லோல்' நாடகத்தை மேடையேற்றினார். அதில் 'கைபர்' என்ற கப்பல் சரணடைய மறுக்கிறது. வரலாறு அப்படி இல்லை என்று சண்டை நடந்தது. தத் சிறைக்கும் போனார். அவர் வரலாற்றை அறியாமல் எழுதவில்லை. நம்மவரும் அறியாமல் எழுதியிருக்கமாட்டார் என்றே நினைக்கிறோம். டோபாஸைக் கடந்துபோகும் அந்த ஒரு வரி அதற்குச் சாட்சி.

நோட்டை அரங்கின் சார்பில் அச்சிட முடிவு செய்திருக்கிறோம். 'அதிகாரி' என்ற இடங்களில் 'மாலுமி' என்று திருத்தலாமா என்று இரண்டு கூட்டங்களில் விவாதித்தோம். பாதிப் பேர் திருத்தச் சொன்னார்கள். கடைசியில் அவர் மனைவியிடமே கேட்டோம். "அவுக ஆபீசருன்னுதானே எழுதியிருக்காக? ஆபீசராவே இருக்கட்டும்" என்றார்.