ஒரு செல் பிசகினால் முழு பேட்டரிக்கும் ஆபத்து: வீட்டில் கட்டும் லித்தியம் பேட்டரிக்குச் சமநிலை ஏன் அவசியம்?

புதுடெல்லி: தலைநகர் டெல்லியின் மெட்ரோ நிலைய வாசல்களில் பயணிகளுக்காகக் காத்து நிற்கும் இ-ரிக்‌ஷாக்கள் நீண்ட காலம் ஈய-அமில பேட்டரிகளிலேயே ஓடின. எடை குறைவு, விரைவாகச் சார்ஜ் ஆகும் தன்மை ஆகிய காரணங்களால் அந்த இடத்தை லித்தியம் பேட்டரிகள் பிடித்து வருகின்றன. செலவைக் குறைப்பதற்காகத் தனித்தனி செல்களை வாங்கி, பேட்டரியைத் தாமே கட்டிக்கொள்வோரும் உண்டு. அவ்வாறு கட்டும்போது எளிதில் விடுபட்டுப்போவது, செல்களைச் சமநிலைப்படுத்தும் பணியாகும்.

வீட்டுக்குள் வரும் ஆபத்து:

ஜங்புரா பகுதியில் பாராபுல்லா வடிகாலை ஒட்டி, தமிழ்க் குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக வாழ்ந்து வந்த மதராசி கேம்ப் குடியிருப்பு, டெல்லி உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. மறுவாழ்வுக்குத் தகுதி பெற்ற குடும்பங்களுக்கு நரேலாவில் அடுக்குமாடி வீடுகள் ஒதுக்கப்பட்டன. குறுகிய சந்தாக இருந்தாலும் அடுக்குமாடியாக இருந்தாலும், வெளியேற ஒரே வழி உள்ள வீட்டில் பேட்டரி தீப்பற்றினால் தப்புவது கடினம்.

2022 மார்ச் மாதம் வேலூரில், வீட்டில் சார்ஜ் செய்யப்பட்ட மின்சார இருசக்கர வாகனம் தீப்பிடித்ததில் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அது புதிதாக வாங்கப்பட்ட வாகனம். எவ்விதப் பரிசோதனையும் இன்றி வீட்டில் கட்டப்படும் பேட்டரிக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை என்பதை இது உணர்த்துகிறது.

குடங்களின் கணக்கு:

தண்ணீர் லாரி வந்ததும் 16 குடங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் சரிசமமாகப் பத்து செம்பு நீர் ஊற்றுவதாகக் கொள்வோம். ஏற்கெனவே பாதி நிரம்பிய குடம் முதலில் வழிந்துவிடும். எடுக்கும்போதும் சரிசமமாக எடுத்தால், குறைவாக நிரம்பிய குடம் முதலில் வற்றிவிடும். தொடர் இணைப்பில் உள்ள செல்களின் நிலையும் இதுவே. எல்லா செல்கள் வழியாகவும் ஒரே அளவு மின்னோட்டமே செல்வதால், ஒன்றுக்குக் கூடவோ குறையவோ கொடுக்க இயலாது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.2 வோல்ட். இத்தகைய 16 செல்கள் தொடராக இணைந்தால் 51.2 வோல்ட் பேட்டரி கிடைக்கும். இந்த வகை செல்லை 3.65 வோல்ட்டுக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட் வகைக்கு அந்த எல்லை பொதுவாக 4.2 வோல்ட்.

சார்ஜர் அறியாத உண்மை:

சார்ஜர் மொத்த மின்னழுத்தத்தை மட்டுமே பார்க்கிறது. 4.2 வோல்ட் வகையில் 13 செல்கள் கொண்ட பேட்டரி, 54.6 வோல்ட்டை எட்டும்போது நிரம்பியதாகக் கருதப்படும். அவற்றில் 12 செல்கள் 4.18 வோல்ட்டிலும், ஒரு செல் மட்டும் 4.44 வோல்ட்டிலும் இருந்தாலும் கூட்டுத்தொகை அதே 54.6 தான். சார்ஜரின் கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. ஆனால் அந்த ஒரு செல் எல்லையைத் தாண்டிச் சூடேறத் தொடங்கியிருக்கும். அளவுக்கு மீறி வற்றிய செல்லும் உட்புறமாகச் சேதமடைந்து, மறுமுறை சார்ஜ் ஏறும்போது குறுக்குச்சுற்று ஏற்பட வழிவகுக்கும்.

இதைத் தடுக்கவே ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே கண்காணிக்கும் பிஎம்எஸ் எனப்படும் பேட்டரி மேலாண்மைச் சுற்று பொருத்தப்படுகிறது. ஏதேனும் ஒரு செல் எல்லையை மீறினால் அது இணைப்பைத் துண்டிக்கும். அதிக மின்னழுத்தம் உள்ள செல்லின் மின்னூட்டத்தைச் சிறிது சிறிதாக வெப்பமாக்கி இறக்கி, மற்றவற்றுடன் சமப்படுத்தவும் செய்யும்.

பிஎம்எஸ் மட்டும் போதுமா?:

சாதாரண பிஎம்எஸ் ஒன்று சுமார் 50 மில்லி ஆம்பியர் அளவிலேயே சமப்படுத்தும். 100 ஆம்பியர்-மணி செல்களுக்கு இடையே 10 ஆம்பியர்-மணி வித்தியாசம் இருந்தால், அதைச் சரிசெய்ய 200 மணி நேரம் தேவைப்படும். எனவே பேட்டரியைக் கட்டும் முன்பே செல்களைச் சமப்படுத்திவிட வேண்டும்.

இதற்கு, ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தில் உள்ள ஒரே வகை செல்கள் பக்க இணைப்பில் சேர்க்கப்படுகின்றன. மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் மின்வழங்கியை, இணைக்கும் முன்பே 3.65 வோல்ட்டுக்கு அமைத்து, மின்னோட்டம் மிகக் குறைந்த அளவுக்கு இறங்கும் வரை சார்ஜ் செய்ய வேண்டும். இது இரும்பு பாஸ்பேட் செல்களுக்கு மட்டுமே உரிய அளவு. அவ்வகை செல்களில் நடுப்பகுதி மின்னூட்டம் முழுவதும் மின்னழுத்தம் ஏறத்தாழ மாறாமலே இருக்கும். ஆதலால் 3.3 வோல்ட் காட்டும் இரு செல்கள் சமநிலையில் உள்ளன என்று மல்டிமீட்டரை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. முழுமையாக நிரம்பும் தறுவாயில்தான் உண்மையான வேறுபாடு தெரியும்.

சமநிலையால் தீராத குறை:

மின்னூட்ட வேறுபாட்டைச் சமப்படுத்தலாம். தேய்ந்துபோன செல்லின் கொள்ளளவைத் திரும்பப் பெற முடியாது. 15 செல்கள் 100 ஆம்பியர்-மணியும் ஒரு செல் 80 ஆம்பியர்-மணியும் கொண்டிருந்தால், முழு பேட்டரியும் 80 மட்டுமே தரும். ஓட்டுநருக்கு ஓடும் தொலைவில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். பழைய பேட்டரிகளிலிருந்து பிரித்தெடுத்த செல்களைக் கலந்து கட்டும்போது இந்தச் சிக்கல் அதிகம்.

பாதி வழியில் பிஎம்எஸ் இணைப்பைத் துண்டிக்கும்போது, அன்றைய சவாரி போய்விடுமே என்று அதை விலக்கி நேரடி இணைப்பு கொடுப்பதே மிகப் பெரிய ஆபத்து. அந்தத் துண்டிப்பு, ஒரு செல் தளர்ந்துவிட்டது என்பதற்கான எச்சரிக்கையாக இருக்கலாம். காரணத்தைக் கண்டறிந்து, பழுதான செல்லை மாற்றுவதே தீர்வு.

விதிகள் சொல்வது என்ன?:

2022ஆம் ஆண்டு தீ விபத்துகளைத் தொடர்ந்து, மத்திய அரசு மின் வாகன பேட்டரிகளுக்கான ஏஐஎஸ்-156 தரநிலையைக் கடுமையாக்கியது. திருத்தங்கள் 2022 டிசம்பர் 1 மற்றும் 2023 மார்ச் 31 என இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. அமெரிக்காவின் நியூயார்க் நகரம், பழைய பேட்டரிகளின் செல்களைக் கொண்டு புதிய லித்தியம் பேட்டரி கட்டி விற்பதற்கு 2023இல் தடை விதித்தது.

கவனிக்க வேண்டியவை:

பேட்டரி வகைக்கு உரிய சார்ஜரை மட்டுமே பயன்படுத்த வேண்டும். ஓடி வந்த சூடு தணிந்த பின்னரே சார்ஜ் செய்ய வேண்டும். உறங்கும் நேரத்திலும், வெளியேறும் வழியிலும் சார்ஜ் செய்வதைத் தவிர்க்க வேண்டும். உப்பிய அல்லது வாடை வீசும் பேட்டரியைத் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது. புகை வந்தால், பேட்டரியைக் காப்பாற்ற முயலாமல் அனைவரும் உடனடியாக வெளியேறி, தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும்.