காதறுந்த ஊசி

வீட்டில் ஊசி ஒன்று கை தவறி விழுந்துவிட்டால் என்ன அமர்க்களம்! குழந்தையின் காலில் குத்திவிடப் போகிறதே என்று கூடம் முழுவதும் துழாவுகிறீர்கள். இங்கிலாந்திலோ, பதினாறு பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன் தொலைந்த ஊசிகள் இப்போது வயல்களில் அகப்படுகின்றன.

கி.பி. 43 முதல் ஏறக்குறைய 410 வரை அந்த நாடு ரோமாபுரியின் ஆட்சியில் இருந்தது. அக்காலத்து ஊசிகளை எலும்பிலும், இரும்பிலும், வெண்கலத்திலும் செய்தார்கள். இரும்பு துருப்பிடித்து மண்ணோடு மண்ணாகிவிடும். வெண்கலமோ பச்சைக் களிம்பு பூத்து அப்படியே கிடக்கும். பார்ப்பதற்கு நம் கோணி ஊசிக்குத் தம்பி என்றே சொல்லலாம்.

தைத்தவர்கள் எல்லோரும் பெண்கள்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ராணுவக் கோட்டைகளிலும் ஊசிகள் கிடைத்திருக்கின்றன. ஹேட்ரியன் சுவருக்கு அருகே விண்டோலாண்டா கோட்டையில், மெல்லிய மரத்தகடுகளில் எழுதிய கடிதங்களை 1973-ல் கண்டெடுக்கத் தொடங்கினார்கள். அவற்றுள் ஒன்று, காலுறைகளும் உள்ளாடைகளும் அனுப்பியிருப்பதாகத் தெரிவிக்கிறது. அந்தக் குளிரில் அவை கிழியாமலா இருந்திருக்கும்?

இவற்றைத் தேடுகிறவர்களில் பலர் பண்டிதர்கள் அல்லர். விடுமுறை நாளில் நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, உலோகம் காட்டும் கருவியுடன் கிளம்பிவிடும் சாதாரண மனிதர்கள். கருவியின் அடியிலுள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் ஓட, மண்ணுக்குள் காந்த சக்தி பரவுகிறது. அங்கே உலோகம் இருந்தால் காதில் ஒரு 'கீச்'. ஆவலோடு தோண்டினால், பாவம், பாட்டில் மூடியாகவும் இருக்கும்!

ஊசியே கிடைத்தாலும் பெரிய தொகை வராது. 1996-ம் வருஷத்துப் புதையல் சட்டம் முக்கியமாகத் தங்கத்தையும் வெள்ளியையும் கருதியது. ஒற்றை வெண்கல ஊசி சாதாரணமாக அதில் அடங்காது. எடுத்தவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம். சங்கடமே அதுதான். கிடைத்த இடம் தெரியாவிட்டால் ஊசி வெறும் கம்பித் துண்டு. இன்ன வயலில், இன்ன மூலையில் என்று தெரிந்தால், அருகே கிடைத்த பானை ஓட்டோடும் நாணயத்தோடும் சேர்த்துப் பார்த்து, அங்கே ஒரு குடும்பம் வாழ்ந்திருக்கலாம் என்று ஊகிக்க முடிகிறது.

இதற்காகவே 1997-ல் ஒரு பதிவுத் திட்டம் ஆரம்பமாயிற்று. தாமாகக் கொண்டுவந்து காட்டுகிறவர்களின் பொருளை அளந்து, படம் பிடித்து, இடத்தையும் குறித்துக்கொண்டு, புதையல் அல்லாதவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். இப்படிப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் பதிவாகியிருக்கின்றன. ஊசிகளில் பலவற்றுக்குக் காது உடைந்திருக்கிறது. அதனாலென்ன? மிச்சமிருக்கும் துண்டின் நீளத்தையும் மில்லிமீட்டர் கணக்கில் எழுதி வைக்கிறார்கள்.