அலமாரிக் காலடியில் ஒரு கிண்ணம்

அந்தக் காலத்து வீடுகளில் சாப்பாட்டு அலமாரி வெறும் தரையில் நிற்காது. நான்கு காலுக்கும் நான்கு கிண்ணம், கிண்ணம் நிறையத் தண்ணீர். எறும்பு ஏறாது. சைனாடவுனில் சீனர் வீட்டிலும் அப்படித்தான், தேக்காவில் நம் வீட்டிலும் அப்படித்தான். எறும்பிடமிருந்து குழம்பைக் காத்த அந்தத் தண்ணீரில் வேறென்ன வளர்கிறது என்று வீட்டிலிருந்த யாரும் பார்க்கவில்லை. 1960களில் சிங்கப்பூரின் பூச்சியியல் ஆய்வாளர்கள்தான் குனிந்து பார்த்தார்கள்.

காடு வேண்டாத காய்ச்சல்

ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்றதும் மனம் ஆப்பிரிக்காவுக்கு ஓடுகிறது: எபோலா, மார்பர்க், லாசா. கொஞ்சம் பக்கத்தில் பார்த்தால் கியாசனூர் காட்டுக் காய்ச்சல். இன்றைய கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் 1957இல் குரங்குகள் செத்து விழுந்தபோது கண்டறியப்பட்டது. உண்ணி கடித்துப் பரவுவது. டெங்கிக் கிருமி அதற்குச் சொந்தக்காரன்தான், இரண்டும் ஒரே பேரினம். ஆனால் டெங்கிக்குக் காடு தேவையில்லை. ஜனநெருக்கமுள்ள ஊரும் தேங்கிய நல்ல தண்ணீரும் இருந்தால் போதும்.

மணிலாவில் 1953-54இல் குழந்தைகளுக்கு ரத்தக்கசிவோடு வந்த டெங்கி, 1958இல் பாங்காக்கைத் தாக்கியது. 1960இல் சிங்கப்பூரில் தென்பட்டது. இங்கும் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் குழந்தைகளே.

கிண்ணங்களை எண்ணியவர்கள்

சவுத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மன் கோவிலையொட்டி ஓடும் பகோடா ஸ்ட்ரீட்டுக்குப் பெயர் தந்ததே அந்தக் கோவிலின் கோபுரம்தான். இன்று அந்தத் தெருவின் கடைவீடுகளுக்குப் பளிச்சென்று வண்ணம் பூசி, கீழே சுற்றுப்பயணிகளுக்குப் பொருள் விற்கிறார்கள். அறுபது எழுபது வருடங்களுக்கு முன் இத்தகைய கடைவீடுகளின் மாடியைப் பலகையால் தடுத்துத் தடுத்து, ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு குடும்பம் இருந்தது. அம்மைக்கும் காய்ச்சலுக்கும் அம்மனை வேண்டி வந்த நம்மவர்கள் நடந்த தெருவில்தான், ஒரு புதுக் காய்ச்சலுக்கு ஏற்ற வீடுகளும் இருந்தன.

1966 முதல் 1968 வரை நகர்ப்பகுதிகளில் வீடுவீடாக ஆய்வு நடந்தது. குடிசை வீடுகளில் நூற்றுக்குச் சுமார் 27இல், டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டை கொசு முட்டையிட்டிருந்தது. கடைவீடுகளில் 16, அடுக்குமாடி வீடுகளில் 5. வீட்டுக்குள் அது அதிகம் குடியிருந்த இடம் சாக்கடை அல்ல, எறும்புக் கிண்ணம். வீட்டுக்கு வெளியே மண்ஜாடி.

1968இல் சட்டம் வந்தது. அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து பார்த்தார்கள், கொசுப்புழு இருந்தால் அபராதம் போட்டார்கள். குடிசைகள் மறைந்து அடுக்குமாடிகள் எழுந்தன. 1973இல் 1,187 பேரைத் தாக்கிய நோய், அதற்குப் பின் ஏறத்தாழ 15 ஆண்டுகள் அடங்கிக் கிடந்தது.

அடங்கியது ஏன் திரும்பியது?

டெங்கி குறைந்ததால் அதை எதிர்க்கும் சக்தி ஏறாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. அப்படிப்பட்ட ஊரில் கொஞ்சம் கொசு இருந்தாலும் நோய் பற்றிக்கொள்ளும். அதோடு, கண்காணிப்பு வீட்டைச் சுற்றியே இருந்தது. மக்களோ பள்ளியிலும் வேலையிடத்திலும் கடி வாங்கினார்கள். 2005இல் 14,000க்கு மேல், 2013இல் 22,000க்கு மேல், 2020இல் 35,315 பேர். குழந்தைகளின் நோயாக வந்தது இப்போது பெரும்பாலும் பெரியவர்களைத்தான் பிடிக்கிறது.

டெங்கிக் கிருமியில் நான்கு வகை. ஒன்று வந்துபோனால் அந்த வகைக்குப் பாதுகாப்பு உண்டு. அடுத்த வகை தொற்றும்போது, பழைய எதிர்ப்பணுக்களே புதுக் கிருமியை உயிரணுவுக்குள் கைபிடித்து அழைத்துப் போவதுண்டு. அதனால்தான் இரண்டாம் முறை வருவது மோசமாகலாம்.

காய்ச்சல் இறங்கும் நாள்

இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

ரத்தக்கசிவு என்ற பெயர் நம்மை ஏமாற்றிவிடுகிறது. பல்லீறில் ரத்தம் வந்தால்தான் ஆபத்து என்று காத்திருக்கிறோம். டெங்கியில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது வேறு: ரத்தக்குழாயிலிருந்து நீர்மம் கசிந்து வெளியேறி, ரத்தம் கெட்டியாகி, அழுத்தம் சரிவது. இது நடப்பது காய்ச்சல் கொதிக்கும்போது அல்ல. மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்குமே, அப்போது. ‘அப்பாடா, விட்டுவிட்டது’ என்று போர்வையை மடிக்கும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் கண்டம். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ ரத்தம், சோர்ந்து மயங்குவது, சிறுநீர் குறைவது – இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதியவர்கள், நீரிழிவுக்காரர்கள், கர்ப்பிணிகள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் ரத்தக்கசிவைக் கூட்டும். கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் நம் தம்பிமார், சம்பளம் போய்விடுமே என்று ஏதோ ஒரு வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெயிலில் நிற்கிறார்கள். எனக்கு அவர்களை நினைத்தால்தான் பயம்.

அடுத்தது, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட். ‘எத்தனை ஆயிரம்?’ என்றுதான் உறவினர்கள் தொலைபேசியில் முதலில் கேட்கிறார்கள். பிளேட்லெட் 20,000 அல்லது அதற்கும் கீழே போன, ஆனால் ரத்தக்கசிவு இல்லாத 372 பேரை வைத்துச் சிங்கப்பூர், மலேசிய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றியது ரத்தக்கசிவைத் தடுக்கவில்லை. ஏற்றப்பட்டவர்களுக்குத்தான் பக்கவிளைவுகள் அதிகம். அந்த எண்ணை விட, ரத்தம் கெட்டியாகிறதா என்பதையே மருத்துவர்கள் கூர்ந்து பார்க்கிறார்கள். பப்பாளி இலைச் சாறும் நிலவேம்பும் அந்தக் கவனிப்புக்கு ஈடாகாது.

கடிக்காத கொசு

2016 முதல் தேசிய சுற்றுப்புற வாரியம், வோல்பாக்கியா என்ற நுண்ணுயிர் ஏற்றிய ஆண் கொசுக்களைக் குடியிருப்புகளில் பறக்கவிடுகிறது. ஆண் கொசு கடிக்காது. அதனோடு சேரும் ஊர்க்கொசுவின் முட்டை பொரிக்காது. ஓராண்டுக்கு மேல் இப்படி விடப்பட்ட பகுதிகளில் டெங்கி தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 75 சதவீதம் குறைந்ததாக வாரியம் 2024இல் தெரிவித்தது. ‘கொசுவை ஒழிக்கக் கொசுவையா?’ என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி.

எறும்புக் கிண்ணம் வழக்கொழிந்துவிட்டது. அந்த இடத்தைப் பூச்சாடித் தட்டும் மூங்கில் துணிக்கழிக் குழாயும் பிடித்துக்கொண்டன. ஏடிஸ் முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீரைக் கொட்டுவதோடு விடாமல், தட்டின் ஓரத்தை நார் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும்.